முகத்து நோவும் நமது மொழியும்



கடந்த சில மாதங்களாக உங்களில் பலர் நேரிலும் தொலைபேசியிலும் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டு வருகின்றீர்கள். "சுவாமி, மறையுரை ஏன் இவ்வளவு சுருங்கிவிட்டது? பாடற் பூசையில் ஏன் பாடுவதில்லை? பூசை முடிந்ததும் வாசலில் நின்று கதைக்காமல் ஏன் உள்ளே போய்விடுகின்றீர்கள்?" காரணம் எளியது. மூன்று குளிர்காலங்களாக என் முகத்தின் இடப்பக்கத்தில் ஒரு நோவு இருக்கின்றது. நீண்ட நேரம் பேசினால் அது கிளர்ந்தெழுகின்றது. வாசலில் வீசும் காற்றுப் பட்டாலும் அப்படியே. உறுதியான பெயர் எதுவும் அதற்கு இன்னமும் கிடைக்கவில்லை.

என் உடல்நிலையை அறிவிப்பதற்காக மட்டும் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதில்லை. வீடுகளைச் சந்திக்கச் சென்றபோது, இதே வகை நோவோடு வாழும் வேறு சிலரையும் நம் மத்தியில் கண்டேன். அவர்கள் யாரென்று சொல்லமாட்டேன். நீங்களும் ஊகிக்க முயலவேண்டாம். அவர்கள் படும் துன்பத்தில் ஒரு பங்கு நரம்பிலிருந்து வருகின்றது. இன்னொரு பங்கு நம்மிடமிருந்து வருகின்றது. இந்த இரண்டாவது பங்கைக் குறைக்க நம்மால் இயலும் என்பதே என் எண்ணம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முகம் கோணுவது வேறு, முகம் நோவது வேறு. முகத் தசைகளை அசைப்பது 7ஆவது மண்டை நரம்பு. அது செயலிழந்தால் வாய் ஒரு பக்கம் இழுபடும், கண் மூட மறுக்கும். "சுவாமிக்குப் பாரிசவாதமாம்" என்று ஒரு பேச்சு உலாவுவதாக அறிந்தேன். அப்படி எதுவும் இல்லை. இங்கே பேசப்படுவது 5ஆவது மண்டை நரம்பு. முகத்தின் தொடுவுணர்வையும் நோவையும் மூளைக்குக் கொண்டுசெல்வது அதுதான். அது மூன்று கிளைகளாகப் பிரிகின்றது. ஒன்று நெற்றிக்கும் கண்ணுக்கும், மற்றொன்று கன்னத்துக்கும் மேற்பற்களுக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் கீழ்ப்பற்களுக்கும் செல்கின்றது. ஆகையால் தமிழில் முக்கிளை நரம்பு என்பார்கள். இங்குள்ள வைத்தியர்கள் வாயில் நீங்கள் கேட்கும் பெயர் திரிகெமினுஸ்.

பல்லிலிருந்து வரும் நோவும் இந்த நரம்பிலேயே எழும் நோவும் ஒரே கம்பி வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. எது எங்கே தொடங்கியது என்று நோயாளியால் பிரித்தறிய முடிவதில்லை. எனவேதான் இந்நோயாளர்களிற் பெரும்பாலோர் முதலில் பல் வைத்தியரிடம் போகின்றார்கள். என் விடயத்தில் ஒரு பல்லுக்கு வேர்ச் சிகிச்சை நடந்தது. ஆறு மாதங்களின் பின் அதே பல் பிடுங்கப்பட்டது. பிடுங்கிய இடம் நன்றாக ஆறிற்று. நோவோ அதே இடத்தில், இல்லாத பல்லில், இருந்துகொண்டே இருந்தது. உலகமெங்கும் இந்நோயாளர்கள் பலர் நல்ல பற்களை இழந்திருக்கின்றார்கள் என்பது மருத்துவ நூல்களில் பதிவான செய்தி. நோர்வேயில் வளர்ந்தோரின் பல் வைத்தியச் செலவு பெரும்பாலும் சொந்தக் கையிலிருந்தே போகின்றது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படத்தில் பழுது தெரியாத பல்லைப் பிடுங்குமாறு கெஞ்சவும் வேண்டாம், பிடுங்குவோம் என்று யாரேனும் சொன்னால் அன்றே சம்மதிக்கவும் வேண்டாம். அதற்குமுன் குடும்ப வைத்தியரிடம் ஒருமுறை போங்கள்.

இந்நோவுகளில் நன்கு அறியப்பட்டது முக்கிளை நரம்பு வலி. அது முகத்தின் ஒரு பக்கத்தில் மின்சாரம் தாக்கினாற்போல் வரும். ஒரு நொடிக்கும் குறைவாகவோ, மிஞ்சினால் இரண்டு நிமிடங்களோ நிற்கும், பின் போய்விடும், மறுபடி வரும். பல் துலக்குதல், முகங் கழுவுதல், சவரம் செய்தல், ஒரு வாய் சோறு மெல்லுதல், ஒரு மெல்லிய காற்று, இவற்றில் எதுவும் அதை எழுப்பப் போதும். நரம்பு மூளைத்தண்டிலிருந்து புறப்படும் இடத்தில் ஒரு இரத்தக் குழாய் அதை அழுத்துவது அடிக்கடி காணப்படும் காரணம். சில வேளைகளில் நரம்புறை தேயும் நோயோ ஒரு கட்டியோ காரணமாகலாம். சில வேளைகளில் எதுவுமே அகப்படாது.

வேறொரு வகையும் உண்டு. அது மின்னல்போல் வெட்டாது. மந்தமாக, ஆழமாக, நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், மாதக்கணக்காக உளைந்துகொண்டிருக்கும். விரலை வைத்து இங்கேதான் என்று காட்ட முடியாது. பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். இதற்கு மருத்துவர் வைத்திருக்கும் பெயரின் பொருளே "காரணம் அறியப்படாத, நீடிக்கும் முக நோவு" என்பதுதான். காரணம் தெரியவில்லை என்பதையே பெயராக வைத்திருக்கின்றார்கள் என்று முதலிற் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் கன்னம் நொந்தது.

இந்த இரண்டையும் பிரித்தறிவதற்கு இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. படம் எடுப்பார்கள், எடுக்கவும் வேண்டும். ஆனால் அது கட்டி போன்றவை இல்லை என்று உறுதி செய்வதற்கும், அழுத்தும் குழாய் உண்டா என்று பார்ப்பதற்குமே உதவும். படம் தெளிவாக இருப்பதால் நோவு பொய்யாகிவிடாது. நோவே இல்லாத சிலருடைய படத்திலும் குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். இறுதியில் வைத்தியர் தீர்மானிப்பது நோயாளி சொல்வதை வைத்தே. 1756இல் நிக்கொலா அந்த்ரே என்ற பிரெஞ்சு சத்திரசிகிச்சையாளர் இந்நோய்க்கு ஒரு பெயரிட்டார். 1773இல் இலண்டனில் ஜோன் பொதர்கில் என்ற வைத்தியர் அதை விரிவாக விவரித்தார். அவர்களிடம் படமெடுக்கும் கருவி இருக்கவில்லை. நோயாளர்களின் பேச்சைக் கேட்டார்கள், முகத்தைப் பார்த்தார்கள். இரண்டரை நூற்றாண்டுகள் கழிந்த பின்னும், இந்த ஒரு நோயில், முதன்மையான கருவி நோயாளியின் சொல்தான்.

நம் சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது.

நம் ஊர்ப் பேச்சில் நோவுக்கு எத்தனை சொற்கள்! உளைவு என்றால் ஒன்று, குத்து என்றால் வேறொன்று. எரிவு, கடுப்பு, விறைப்பு, இழுவை, விண்விண் என்று தெறித்தல், சுள்ளென்று வெட்டுதல் என்று ஒவ்வொன்றும் தனித்தனி நோவு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பேத்தியார்கூட இவற்றைக் குழப்புவதில்லை. நான் முன்னர் சொன்ன இரண்டு நோய்களையும் பிரிக்கும் கோடு, உளைவுக்கும் வெட்டுக்கும் இடையில் நம் தாய்மார் போடும் அதே கோடு. அந்தத் தாய் வைத்தியரின் அறைக்குள் போகின்றார். பக்கத்தில் பன்னிரண்டு வயது மகள். அம்மா நாலு வசனம் சொல்கின்றார்: "காலையிலை பல்லு விளக்கேக்கை கரண்ட் அடிச்ச மாதிரி வெட்டும், பிறகு ஒண்டுமில்லை, பின்னேரம் குளிருக்குள்ளை போனா திரும்ப வெட்டும்." மகள் வைத்தியரிடம் நோர்வேஜிய மொழியில் சொல்வது ஒரே சொல்: "வுண்ட்." நோகின்றதாம். வைத்தியர் நோவுக்குக் குளிசை எழுதுகின்றார். சாதாரண நோக் குளிசை இந்நோய்க்குப் பெரிதாக உதவாது. மூன்று மாதம் கழித்து மறுபடி அதே அறை, அதே மகள், அதே சொல்.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். உளைவு என்ற சொல்லை அவள் எங்கே கற்றிருப்பாள்? அதைவிட, தன் தாய் இரவில் நோவினால் அழுவதை அந்நியர் ஒருவரிடம் எடுத்துச் சொல்லும் பாரத்தை ஒரு குழந்தையின் தோளில் ஏற்ற நமக்கு என்ன உரிமை? நோர்வேயில் 2022 ஜனவரி 1 முதல் மொழிபெயர்ப்பாளர் சட்டம் நடைமுறையில் இருக்கின்றது. உரிய சிகிச்சைக்குத் தேவையெனில் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பொது நிறுவனத்தின் கடமை. அவசர நிலை போன்ற சில சந்தர்ப்பங்கள் தவிரப் பிள்ளைகளை மொழிபெயர்க்கப் பயன்படுத்துவதை அச்சட்டம் தடுக்கின்றது. வைத்தியசாலையில் இதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. நேரம் குறிக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லுங்கள்.

உங்களிற் சிலர் இதற்குச் சொல்லும் மறுமொழியை நான் அறிவேன். "தமிழ் ஆளெண்டா ஊரெல்லாம் கதை பரவும், சுவாமி." இந்த அச்சம் வெறும் கற்பனை என்று சொல்லமாட்டேன். நம் சமூகம் சிறியது, வாய் பெரியது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர். அதுவும் போதாதென்றால் தொலைபேசி வழியான மொழிபெயர்ப்பைக் கேட்கலாம். துரொம்சோவில் இருக்கும் உங்களுக்காக ஒஸ்லோவில் இருக்கும் ஒருவர் பேசுவார். உங்கள் முகத்தை அவர் பார்க்கப்போவதில்லை, பெயரைச் சொல்லவேண்டும் என்பதும் இல்லை. கணவன்மாருக்கும் ஒரு சொல். மனைவிக்குப் பதிலாக நீங்கள் மறுமொழி சொல்லாதீர்கள். நல்லெண்ணத்தோடுதான் செய்கின்றீர்கள், ஆனால் நோவது உங்கள் கன்னம் அல்லவே.

இன்னொரு பழக்கமும் நமக்குண்டு. வைத்தியர் "எப்படி இருக்கின்றீர்கள்?" என்றால் மரியாதைக்காகப் "பரவாயில்லை" என்போம். பூச்சியம் முதல் 10 வரை எவ்வளவு நோகின்றது என்று கேட்டால், பத்து என்று சொல்ல வெட்கப்பட்டு ஐந்து என்போம். எண்பதுகளில் வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் விறைத்து நின்று வேலை செய்து, ஒரு நாளும் முறையிடாமல் குடும்பத்தைக் கரைசேர்த்த தலைமுறை இது. அந்தப் பொறுமையை நான் மதிக்கின்றேன். ஆனால் வைத்தியரின் அறையில் அது பொய்ச்சாட்சியாக முடிகின்றது.

போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். முகத்தின் எந்தப் பக்கம், மேலேயா நடுவேயா கீழேயா, எப்போது தொடங்கியது, ஒரு முறை வந்தால் எத்தனை நொடி அல்லது எத்தனை மணி நேரம், எது எழுப்புகின்றது, இடையில் முற்றாக விடுகின்றதா என்பவை போதும். நோர்வேஜியச் சொற்கள் சிலவற்றையும் பாடமாக்கலாம். குத்துவதற்கு ஸ்திக்கெண்டெ, எரிவுக்கு ப்ரென்னெண்டெ, உளைவுக்கு வெர்க்கெண்டெ, விறைப்புக்கு நும்மென். கரண்ட் அடித்தாற்போல் என்பதற்கு எலெக்த்ரிஸ்க் என்ற சொல்லே போதும், வைத்தியர் நிமிர்ந்து உட்காருவார்.

மருந்து கிடைத்த பின்னும் நம் வீடுகளில் ஒரு தடை எழுகின்றது. முக்கிளை நரம்பு வலிக்கு முதலிற் கொடுப்பவற்றுள் ஒன்று கார்பமசெப்பின். 1962இல் சுவீடன் நாட்டு வைத்தியர் பிலோம் இந்நோய்க்கு அது உதவுவதை வெளியிட்டார். அடிப்படையில் அது வலிப்பு நோய்க்கான மருந்து. பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிள்ளைகள் வாசித்து, "அம்மாவுக்கு வலிப்பு எண்டு போட்டிருக்கு" என்றதும் குளிசை குப்பைக்குப் போகின்றது. மந்தமான, நீடிக்கும் நோவுக்கு அமித்திரிப்தலின் கொடுப்பார்கள். அதன் தாளில் மனச்சோர்வு என்றிருக்கும். "எனக்கு விசர் எண்டு டொக்டர் நினைக்கிறார்" என்று ஒருவர் என்னிடம் கண்ணீரோடு சொன்னார். அப்படி நினைத்து அதைக் கொடுப்பதில்லை. நரம்பு தவறான செய்தியை அனுப்பும்போது சாதாரண நோக் குளிசை அதைத் தடுக்காது. நரம்பின் துடிப்பை அடக்கும் மருந்தே உதவும். அளவு குறைவாகத் தொடங்கி மெல்ல உயர்த்துவார்கள், அதற்குக் கிழமைகள் செல்லும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கார்பமசெப்பின் சிலருக்குத் தோலில் கடுமையான, உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கும். அந்த ஆபத்தோடு தொடர்புடைய ஒரு மரபணு ஐரோப்பியரைவிட ஆசிய வழியினரிடம் அதிகமாகக் காணப்படுகின்றது. தென்னாசியர் அதற்குப் புறம்பானவர் அல்லர். தொடங்குமுன் இரத்தத்தில் அதைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். தடிப்போ காய்ச்சலோ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே வைத்தியரை அழையுங்கள். அவ்வாறான ஆபத்து எதுவும் இல்லாதவிடத்து மருந்தைத் திடீரெனச் சொந்த முடிவில் நிறுத்தவேண்டாம்.

சில அறிகுறிகள் காத்திருக்கக் கூடாதவை. ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகப் பொட்டுப் பகுதியில் நோவு, மெல்லும்போது தாடை களைத்து நோதல், பார்வை மங்கல் ஆகியன சேர்ந்து வந்தால் அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் கண் பறிபோகும். முகம் மரத்துப்போதல், ஒரு காது கேளாமற்போதல், இரண்டு பக்கமும் நோதல், இளம் வயதிலேயே இது தொடங்குதல், இவற்றையும் வைத்தியரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

இனி, நாம் சொல்லும் சொற்களைப் பற்றி. இது எனக்குக் கடினமான பகுதி, ஏனெனில் அன்பினால் சொல்லப்பட்டவற்றை மறுக்கவேண்டியுள்ளது. "கண்ணூறாக இருக்கும்." "யாரோ செய்வினை செய்திருக்கினம்." "மடுவுக்கு வைத்த நேர்த்தியை முடிக்கவில்லை, அதுதான்." "இறைவன் தந்த சிலுவை, சுமந்துகொள்ளுங்கோ." முதல் மூன்றுக்கும் என் மறுமொழியை நீங்கள் அறிவீர்கள். பிறவியிலேயே பார்வையற்ற மனிதரைக் கண்டு யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டார். நான்காவதுதான் நம்மை ஏமாற்றுகின்றது, ஏனெனில் அதில் உண்மை கலந்திருக்கின்றது. துன்பத்தை ஆண்டவரோடு இணைத்து ஒப்புக்கொடுக்கலாம் என்பது திருச்சபையின் போதனை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984இல் துன்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது மடலும் அதைச் சொல்கின்றது. ஆனால் அதே மடலின் பிற்பகுதி நல்ல சமாரியரைப் பற்றியது. ஒப்புக்கொடுப்பது நோவு உள்ளவர் தாமே தெரிந்தெடுக்கும் செயல். நோவில்லாதவர் பக்கத்துக் கதிரையில் இருந்து விதிக்கக்கூடியது அன்று. வைத்தியரிடம் போகவேண்டிய ஒருவரைச் சிலுவை என்ற சொல்லால் வீட்டில் இருத்தினால், அதைப் பக்தி என்று அழைக்க நான் உடன்படமாட்டேன். வைத்தியரை மதிக்கும்படி சீராக்கின் ஞானநூல் 38ஆம் அதிகாரம் தெளிவாகவே கேட்கின்றது.

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் வருகின்றார். பல வைத்தியர்களிடம் போய், கையில் இருந்ததையெல்லாம் செலவழித்து, முன்னிலும் மோசமானவர் அவர். இன்று நமக்குத் தெரிந்த எத்தனையோ பேரின் கதை அது. குணம் கிடைத்த பின்னும் ஆண்டவர் நடையைத் தொடரவில்லை. நின்று, தேடி, அவர் நடந்ததையெல்லாம் சொல்லும்வரை காத்திருக்கின்றார். யாயீரின் மகள் சாகக் கிடக்கும் அவசரத்தில், கூட்டத்தின் நடுவில் அவருக்குப் பேச நேரம் கிடைத்தது.

பெயர் கிடைக்காமலே போகலாம் என்பதையும் சொல்லவேண்டும். என்னைப் பார்த்த இரண்டு நரம்பியல் நிபுணர்களும் இரண்டு பெயர்களைச் சொல்கின்றார்கள். படம் தெளிவு. மருந்து நோவை ஏறத்தாழப் பாதியாக்கியிருக்கின்றது. வாசிக்கவும் சுருக்கமாக மறையுரை ஆற்றவும் அது போதும், பாடுவதற்குப் போதாது. பெயருக்காக ஏங்குவது ஏன் என்று என்னையே கேட்டிருக்கின்றேன். பெயர் இருந்தால் பிறர் நம்புகின்றார்கள், அதுதான். கையில் கட்டுப்போட்டவரை எல்லோரும் விசாரிப்பார்கள். வெளியே எதுவும் தெரியாத முகத்தைக் கண்டால் "நல்லாத்தானே இருக்கிறியள்" என்பார்கள். நம்புவதற்கு வைத்தியரின் சான்றிதழைக் காத்திராதீர்கள்.

தேடுவதை விட்டுவிடவும் வேண்டாம். குடும்ப வைத்தியர் செவிமடுக்கவில்லை என்று உணர்ந்தால் ஆண்டுக்கு இரண்டு முறை அவரை மாற்றிக்கொள்ளலாம். நிபுணரின் முடிவு திருப்தி தராவிட்டால் குடும்ப வைத்தியர் மூலம் மறுமதிப்பீடு கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. இதைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது. இந்நாட்டவர் அதைச் சாதாரணமாகக் கேட்கின்றார்கள்.

நோயில் பூசுதலை அவஸ்தைப்பூசுதல் என்று அழைத்த காலத்தின் அச்சம் இன்னும் சிலரிடம் இருக்கின்றது. சாகப்போகும் வேளைக்கு மட்டும் உரிய அருளடையாளம் அன்று அது. கடும் நோயோடு நீண்ட காலம் வாழ்பவர் அதைக் கேட்கலாம். கடந்த திருவருகைக் காலத்தில் நானும் ஒரு சகோதரக் குருவிடம் பெற்றுக்கொண்டேன். மறுநாள் காலை நரம்பியல் பிரிவில் எனக்கு நேரம் குறிக்கப்பட்டிருந்தது, அதற்கும் போனேன்.

வரும் ஞாயிறு பூசைக்குப் பின், தேநீர் வேளையில், தாதியராகப் பணிபுரியும் நம் பங்கின் இரண்டு சகோதரிகள் மண்டபத்தின் பின் மேசையில் இருப்பார்கள். உங்கள் நோவை உங்கள் சொந்தத் தமிழில் சொல்லுங்கள். வைத்தியரிடம் கொண்டுபோக ஒரு பக்கத்தில் நோர்வேஜிய மொழியில் எழுதித் தருவார்கள். வைத்தியரின் அறையில் மொழிபெயர்ப்பாளர் அப்போதும் வேண்டும், அதையும் எப்படிக் கேட்பது என்று காட்டுவார்கள். பிள்ளைகளுக்குப் பக்கத்து அறையில் விளையாட்டு ஏற்பாடாகியுள்ளது, அவர்களை அங்கே விட்டுவிட்டு மேசைக்கு வாருங்கள்.